களத்துக்கு முந்தி, உரலுக்குப் பிந்தி: கரிசல் குதிரைவாலியும் வேளாண் அறிவியலும்

விருதுநகரை அடுத்த சூலக்கரையை இன்று பலரும் அறிவது அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையால். அதைச் சுற்றி விரியும் மண் கரிசல். மழை பெய்தால் காலை இழுக்கும் களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆறுகள் பெயரளவுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தருவதை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டிய நிலம் இது. இந்த மானாவாரி நிலத்தில் மக்களின் பட்டறிவும் ஆய்வு நிலையங்களின் அறிவியலும் நூற்றிருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவந்திருக்கின்றன. அவை எங்கே கைகோத்தன, எங்கே ஒன்றையொன்று பாராமல் போயின என்பதைக் குதிரைவாலி என்ற ஒரு தானியத்தின் வழியே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

மரபு அறிவையும் அறிவியலையும் இணைக்க வேண்டும் என்று இப்போது எல்லா மேடைகளிலும் பேசப்படுகிறது. இணைப்பு என்பது யாருடைய கேள்விக்கு விடை தேடுவது என்பதில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. கரிசலில் அறிவியல் வயலுக்குச் சீக்கிரமே வந்தது. உரலடிக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. குதிரைவாலி தட்டிலிருந்து மறைந்ததற்கு இந்த இடைவெளி பெரும் காரணம்.

பருத்திக்கு வந்த பண்ணை

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போன பஞ்சைத் தடுத்தது. அந்தத் தட்டுப்பாட்டில் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறியது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டதும் விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி மூன்றும் பஞ்சுச் சந்தைகளாக வளர்ந்தன. விருதுபட்டி 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறியபோது அது நன்கு வேரூன்றிய வணிக ஊர்.

1901-இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வுப் பண்ணையைப் பிறப்பித்ததும் இந்தப் பருத்திதான். அன்றைய சிக்கல் புளிச்சைப் பருத்தி. இழை குட்டையானது, ஆனால் அரைவையில் பஞ்சு கூடுதலாகக் கிடைப்பதால் வியாபாரிக்கும் உழவருக்கும் லாபம். அது கலந்துவிட்டால் முழு மூட்டைக்கும் சந்தையில் பெயர் கெடும். கோவில்பட்டிப் பண்ணை என்ன செய்தது? வெளியிலிருந்து விதையைத் தேடிப் போகாமல், கரிசல் உழவர் காலகாலமாக விதைத்துவந்த கருங்கண்ணிப் பருத்தியையே எடுத்து, அதில் நல்ல செடிகளைத் தேர்ந்து, தூய விதையாகப் பெருக்கித் திருப்பித் தந்தது. வறட்சியைத் தாங்குவது உழவரின் விதையில் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் தரத்தை நிலைநிறுத்தியது ஆய்வாளரின் பணி. கருங்கண்ணி வழியில் வந்த கே வரிசை ரகங்கள் பல பத்தாண்டுகள் இந்த மண்ணில் நின்றன. இரு அறிவுகளும் சேர்ந்த முதல் நல்ல எடுத்துக்காட்டு என்று இதைச் சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் அந்தச் சேர்க்கைக்கான கேள்வியை எழுப்பியது ஆலை. பருத்தி விதைத்தவர் என்ன சாப்பிட்டார் என்பது அந்தப் பண்ணையின் பதிவேட்டில் வர வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் சாப்பிட்டது கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி.

உரலடியில் நடந்தது

குதிரைவாலி ஏறத்தாழ மூன்று மாதப் பயிர். மழை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரே நாளில் கொட்டி, கரிசலில் தண்ணீர் கட்டி நின்றாலும் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். கரிசல் மழையின் இரண்டு கோணல்களுக்கும் ஈடுகொடுக்கும் தானியம் அது. தட்டை மாட்டுக்கு ஆகும். உமி இறுகப் பொதிந்திருப்பதால் குலுக்கை என்னும் தானியக் குதிரில் கொட்டி வைத்தால் பூச்சி எளிதில் அண்டாது. பஞ்ச காலத்துக்கென்று இருப்பு வைக்கலாம்.

அந்த இறுகிய உமிதான் பெண்களின் பாடு. காயப்போட்டு, உரலில் இட்டு, உலக்கை மாற்றி மாற்றிக் குத்தி, சுளகில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட்டு, மறுபடி புடைத்து, கல் பொறுக்கி, அதன் பிறகுதான் உலை. மணி சிறியது, ஓங்கிக் குத்தினால் நொறுங்கிக் குருணையாகும், மெல்லக் குத்தினால் உமி கழலாது. உலக்கையின் எடை, தானியத்தின் காய்ச்சல், குத்தும் வேகம் மூன்றையும் கையே கணக்கிட வேண்டும். இதுவும் நுட்பமான தொழிலறிவுதான். ஆனால் வேளாண் துறை அறிக்கையில் உழவு, விதை, உரம், பூச்சி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, உரலுக்கு இருக்கவில்லை. கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி போன்ற நூல்களில்தான் இந்த வாழ்க்கையின் பொருள்களுக்கும் வினைகளுக்கும் எழுத்தில் இடம் கிடைத்தது.

கால வரிசையைக் கவனியுங்கள். பருத்திக்குக் கோவில்பட்டியில் 1901. கோவையில் தானிய வகைகளுக்கான ஆய்வு நிலையம், ஜி. என். ரங்கசாமி ஐயங்காரின் பொறுப்பில், 1923. அதுவும் பெருமளவு சோளம், கம்பு, கேழ்வரகின் மரபியலில்தான் ஊன்றியது. தினை, சாமை, குதிரைவாலி போன்றவற்றுக்கென்று அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது 1986-இல். பருத்திக்கும் குதிரைவாலிக்கும் இடையே 85 ஆண்டுகள்.

உணவு அறிவியல் மட்டும் சற்று முன்பே விழித்திருந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வை டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு தொடர்ந்தார். 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையிட்டு அவர் ஒரு நூல் வெளியிட்டார். அரிசியை மட்டுமே நம்பும் உணவில் ஒரு பகுதியாகச் சிறுதானியம் சேர்வது நல்லது என்ற கருத்து குன்னூர் ஆய்வில் அப்போதே உருவானது. அந்த அறிவு மலையிலேயே தங்கிவிட்டது. கரிசலுக்கு இறங்கி வரவில்லை. இறங்கி வந்தது அரிசி.

விலகிய காலம்

1963 முதல் 1969 வரை கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் பணியாற்றியவர் கோ. நம்மாழ்வார். மழையை நம்பி வாழும் ஏழை உழவருக்கு, விலை கொடுத்து வாங்கும் வீரிய விதையையும் ரசாயன உரத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வால் பயனில்லை என்று கண்டு வேலையை விட்டு வெளியேறினார். பின்னாளில் அவர் இயற்கை வேளாண்மைக்காக நடந்த நடையைத் தமிழகம் அறியும். வரலாற்று நோக்கில் முக்கியம், அந்த விலகல் நிகழ்ந்த இடம். உழவரின் விதையை எடுத்துச் செம்மைப்படுத்தித் திருப்பித் தந்த அதே பண்ணையில், அறுபது ஆண்டுகளில் கேள்வியின் திசை மாறியிருந்தது.

ஆனாலும் நிலையத்தைக் குறை மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமாகாது. 1970-இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண் ஆய்வுத் திட்டத்தில் கோவில்பட்டியும் ஒரு மையம். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு கரிசல் உழவர் அறிந்த வழக்கம். பல ஆண்டு மழைக் கணக்கை வைத்து எந்த வாரத்தில் அப்படி விதைத்தால் இழப்பு குறையும் என்று ஆய்வாளர்கள் வரையறுத்தனர். விதையைப் பொட்டாசிய உப்புக் கரைசலில் ஊறவைத்து, மீண்டும் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கும் கடினப்படுத்தும் முறையையும் பரப்பினர். அப்படிச் செய்த விதை, இடையில் மழை ஏமாற்றினாலும் சமாளித்து முளைக்கும். பருத்தியோடு உளுந்தை ஊடுபயிராக்கும் பரிந்துரையும் பழைய கலப்பு விதைப்பின் ஒழுங்குபடுத்திய வடிவமே. இங்கெல்லாம் உழவரின் வழக்கம் கருதுகோளாக நின்றது. அறிவியல் அதைச் சோதித்து, எல்லையைக் குறித்துக் கொடுத்தது.

குதிரைவாலி குறைந்ததற்கு வயலுக்கு வெளியே இருந்த காரணங்கள் வலுவானவை. மழை பொய்க்கும் பூமியில் பிழைக்க வழி தேடி 1923-இல் பி. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். அதன் பின் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் பரவின. பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் அன்றன்றைக்குக் கூலி. அந்த நேரம் உரலுக்கு எப்படி மிஞ்சும்? அரிசி ஆலை அருகிலேயே வந்தது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி. பசி தீர்ந்தது என்பது பெரிய நன்மை. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. குதிரைவாலியை மக்கள் மறந்தார்கள், நாகரிக மோகத்தில் கைவிட்டார்கள் என்று மேடைகளில் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன். பல மணி நேரம் குத்த வேண்டிய தானியத்துக்கும், கொண்டுவந்ததும் உலையில் போடும் அரிசிக்கும் இடையே ஒரு தாய் எடுத்த முடிவு அது. அந்த உழைப்பைக் குறைத்துக் கொடுக்க வேண்டியவர்கள் வெகுகாலம் குறைக்கவில்லை.

எந்திரம் வந்தபோது

2011 முதல் 2014 வரை மதுரையின் தானம் அறக்கட்டளையும் கனடாவின் கனடியன் மென்னோனைட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தெற்காசிய மானாவாரிப் பகுதிகளில் சிறுதானியத்தை மீட்கும் ஆய்வுத் திட்டமொன்றை நடத்தின. அதன் களங்களில் ஒன்று விருதுநகர் மாவட்டத்தை ஒட்டிய பேரையூர்ப் பகுதி. அங்கே பயிர் குதிரைவாலி. உள்ளூர் ரகங்களையும் நிலையத்து ரகங்களையும் உழவர் வயலிலேயே பக்கம் பக்கமாக விதைத்து, தேர்வை உழவரிடமே விட்டனர். அதைவிட முக்கியம், உமி நீக்கும் எந்திரத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. அடுத்த கட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மெக்கில் பல்கலைக்கழகமும் பங்கேற்றன.

நெல்லுக்கான ரப்பர் உருளை இந்தச் சிறு மணிக்குச் சரிப்படாது. மையவிலக்கு முறை எந்திரம் மணியை வேகமாகச் சுழற்றிக் கடினச் சுவரில் மோதவிடுகிறது. மோதலில் உமி உடைகிறது. வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உமி நிற்கும். உரலடியில் பாட்டியின் கை கணக்கிட்டதைப் போன்ற அளவுகளை இப்போது சுழல்வேகமாகவும் ஈரப்பதமாகவும் மணியின் பருமனாகவும் பொறியாளர் கணக்கிட வேண்டியதாயிற்று. மணிகளை அளவு பிரித்து, கல் நீக்கி, பிறகு போட்டால்தான் எந்திரம் ஒழுங்காக வேலை செய்யும். சுளகு முன்பு செய்த வேலை அது.

ரக வெளியீட்டிலும் வேகம் கூடியது. கோவையிலிருந்து கோ (கே.வி.) 2 ரகம் 2009-இல் வந்தது, மதுரை வேளாண் கல்லூரியிலிருந்து எம்.டி.யு. 1 ரகம் 2018-இல் வந்தது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

உடல்நலம் சார்ந்த தேவையும் ஆதாரமும் சேர்ந்தன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. தார்வாடிலிருந்து 2014-இல் வந்த சிறிய ஆய்வொன்றில் உமி நீக்கிய குதிரைவாலியின் சர்க்கரை உயர்த்தும் குறியீடு 50 என்றும், வெப்பப் பக்குவம் செய்தபின் 41.7 என்றும் அளந்தார்கள். சமைத்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவம் கொள்கிறது என்பது நிலைபெற்ற உண்மை. சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் கரைத்துக் குடித்த கரிசல் பழக்கத்தை இந்தக் கண்ணோட்டத்தில் ஆராய இடமுண்டு. குதிரைவாலி நீரிழிவைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பது வேறு. அது மரபுக்கும் அறிவியலுக்கும் செய்யும் கேடு.

சந்தை இப்போது புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. தவிட்டில் கொழுப்பு இருப்பதால் உமி நீக்கிய மணி சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கிறது. கடைக்காரருக்கு அது நட்டம். அதனால் தவிட்டையும் தீட்டி வெள்ளை வெளேரென்று பொட்டலம் போடுகிறார்கள். நார்ச்சத்தும் தாதுக்களும் தவிட்டோடு போய்விடுகின்றன. பாட்டி அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குத்தியதில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. தானியம் குலுக்கையில் உமியோடு இருந்தது. உமி போனது உலைக்குச் சற்று முன்புதான். இந்த ஒழுங்கை ஊர் அளவில் எந்திரத்தால் மீட்கலாம். பெரிய ஆலையில் மொத்தமாகத் தீட்டி வெளியூருக்கு அனுப்புவதை விட, நாலைந்து ஊருக்கு ஒரு சிறு எந்திரம் வைத்து, உமியோடு இருப்பு வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கொடுக்கும் முறை கரிசலுக்குப் பொருந்தும். பட்டாசு ஆலைக்கும் தொழிற்பேட்டைக்கும் போய்வரும் பெண்ணுக்கு உமி நீக்கிய தானியம் தெருவிலேயே கிடைக்கும். தவிடும் தட்டில் இருக்கும்.

2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு உரல் தேவையில்லை. மாவாகத் திரித்தால் போதும். குதிரைவாலியை அதே வழியில் விருதுநகரில் கொண்டுவர வேண்டுமானால், தவிட்டோடு கூடிய மணி எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த ஈரப்பதத்தில், எந்தப் பையில் என்பதை அருப்புக்கோட்டை, கோவில்பட்டி நிலையங்கள் இங்குள்ள வெயிலில் வைத்து அளந்து தர வேண்டும். புதிய ரகம் வெளியிடும்போது ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பதோடு, உமி எவ்வளவு எளிதில் கழலும், குருணை எவ்வளவு விழும் என்பதையும் தேர்வு அளவாகச் சேர்க்க வேண்டும். அந்த அளவைச் சொல்லத் தகுதியானவர்கள் வயது முதிர்ந்த கரிசல் பெண்கள். அவர்களைத் தேர்வுக் குழுவில் உட்கார வைக்கும் வேலை எஞ்சியிருக்கிறது.