குற்றாலம் பென்ஷன், லண்டன் பென்ஷன்: ஓய்வுக்கு அப்புறமும் ஏன் வரி?

ஜூன், ஜூலை வந்தா தென்காசிப் பக்கம் ரெண்டு விஷயம் ஒண்ணா வரும். ஒண்ணு குற்றாலச் சாரல். இன்னொண்ணு வருமான வரி ரிட்டர்ன். வழக்கமா ஜூலை 31 கடைசி நாள். நாம ஐந்தருவிக்கு பிளான் போட்டுக்கிட்டு இருக்கும்போது, அதே ஊர்ல ரிட்டயர்டு வாத்தியார் யாராவது ஒருத்தர், "எனக்கு வர்றது வெறும் பென்ஷன், இதுக்குப் போய் எதுக்குக் கணக்கு காட்டணும்?"னு கேட்டுக்கிட்டு இருப்பார். நியாயமான கேள்வி. இதுக்கான பதில் 1860-ல ஆரம்பிக்குது.

1857 கிளர்ச்சியை அடக்கின செலவில் பிரிட்டிஷ் இந்திய அரசின் கஜானா காலி. அதைச் சரிபண்ண லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். 'தி எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பிச்சவர். 1860-ல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி. இன்றைக்கும் ஜூலை 24-ஐ வருமான வரி நாளாகக் கொண்டாடுவது அந்த வருடத்தை வைத்துத்தான்.

இதை வெளிப்படையா எதிர்த்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யான்! தன்னோட எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துட்டார். லண்டன் சும்மா விடுமா? அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். ஆனா டிரெவெல்யான் பிறகு இந்தியாவின் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். 1865-ல் அந்த வரி காலாவதி ஆச்சு.

பென்ஷன் கதைக்கு முக்கியமான ஆண்டு 1886. இன்றைய வருமான வரியின் எலும்புக்கூடு அந்த ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கு. வருமானத்தை நாலு பகுதியாப் பிரிச்சாங்க. முதல் பகுதியின் தலைப்பே 'சம்பளமும் பென்ஷனும்'. ரெண்டையும் ஒரே பெட்டியில் போட்டாங்க.

தென்காசியில் ஓய்வுபெற்ற ஒரு குமாஸ்தாவை அந்தக் காலத்தில் கற்பனை பண்ணிப் பாருங்க. பென்ஷன் மாதம் 50 ரூபாய், அதாவது வருடத்துக்கு 600. வரி வரம்பு 500 ரூபாய். ரூபாய்க்கு 4 தம்பிடி வீதம் வரி. 192 தம்பிடி ஒரு ரூபாய். கணக்குப் போட்டால் வருடத்துக்கு பன்னிரண்டரை ரூபாய். அதுவும் அரசாங்கப் பென்ஷன் என்பதால் கையில் கொடுக்கும்போதே பிடிச்சுக்குவாங்க. இன்னைக்கு நாம 'டி.டி.எஸ்.'னு சொல்றோமே, அதோட தாத்தா இது. 1903-ல் வரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்த பிறகுதான் இவரை மாதிரி ஆட்கள் தப்பிச்சாங்க.

பக்கத்து வீட்டில் பத்து ஏக்கர் வயலும் தென்னந்தோப்பும் வெச்சிருந்தவருக்கு? வருமான வரி கிடையாது. நிலம் ஏற்கனவே தீர்வை கட்டுதுன்னு சொல்லி, 1886 சட்டம் விவசாய வருமானத்தை விட்டுடுச்சு. தீர்வை இன்னைக்குப் பெயரளவுக்குத்தான். மத்திய அரசின் வருமான வரியிலிருந்து அந்த விலக்கு மட்டும் அப்படியே நிற்குது.

அடுத்ததுதான் எனக்கு உறுத்துற விஷயம். அந்தக் காலத்தில் சாரல் சீசனுக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் குற்றாலம் வந்து பங்களாக்களில் தங்குவாங்க. அவங்களும் ஒருநாள் ரிட்டயர் ஆகி இங்கிலாந்து போவாங்க. அவங்க பென்ஷன் போனது இந்திய வருவாயிலிருந்து, அதாவது இந்த ஊர் வயலின் தீர்வையும் சேர்ந்த பணத்திலிருந்து. 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 272-வது பிரிவு என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்தச் சட்டப்படி பென்ஷன் வாங்குறவர் நிரந்தரமா இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தால் இந்திய வரி கிடையாது! அதே வேலை பார்த்து தென்காசியில் ஓய்வெடுப்பவருக்கு வரி உண்டு. இதோட வால் 1961 வருமான வரிச் சட்டத்திலும் ஒரு உட்பிரிவா நீண்டுச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் கேள்வியே மாறிடுச்சு. பென்ஷன் என்பது அரசு மனசு வெச்சுக் கொடுக்கும் கருணையா, உரிமையா? 1982 டிசம்பர் 17-ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொன்னது: அது தானம் அல்ல, செய்த வேலைக்குப் பின்னால் வரும் ஊதியம். அதனால்தான் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம்.

என்னோட பார்வையில் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கு. பென்ஷன் கருணை இல்லை, ஊதியத்தின் தொடர்ச்சின்னா, ஊதியத்துக்குள்ள கடமையும் தொடரத்தான் செய்யும். "பென்ஷன் என் உரிமை"ன்னு சொல்ற அதே வாயால "அது வருமானமே இல்லை"ன்னு சொல்ல முடியாது. 1961 சட்டமும் 'சம்பளம்' என்ற சொல்லுக்குள்ளேயே பென்ஷனைச் சேர்த்துச்சு. அதனால லாபமும் உண்டு: சம்பளக்காரருக்குக் கிடைக்கும் நிலையான கழிவு பென்ஷன்காரருக்கும் கிடைக்குது. புதிய வரி முறையில் 75,000 ரூபாய். ஆனா கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் சம்பளம் ஆகாது. அது 'பிற வருமானம்'. கழிவும் குறைவு.

சரி, உங்க தாத்தா, ஆச்சி விஷயத்தில் எங்கே சிக்கல் வருதுன்னு பார்ப்போம்.

பென்ஷன் ஒரு வங்கியில், டெபாசிட் இன்னொரு வங்கியில். முதல் வங்கிக்கு ரெண்டாவது வங்கியின் வட்டி தெரியாது. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வருட வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். பிடிப்பாங்க. பிடிக்கலைன்னா வரியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. ரெண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவங்களோடது.

அடுத்து, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். அதைக் கேட்டுட்டு ரிட்டர்னே வேண்டாம்னு விட்டுடறாங்க. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் போடணும். வரி பூஜ்யம்ங்கிறது அதுக்கு அப்புறம் வர்ற கணக்கு. 75 வயது தாண்டி, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் மட்டும் வருதுன்னா, 2021-லிருந்து ஒரு வழி இருக்கு. வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் வங்கியே கணக்குப் பார்த்து வரி பிடிச்சுக்கும், ரிட்டர்ன் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளில் பீடி சுத்தின பெண்கள் பலர் இருக்காங்க. பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். வருடத்துக்கு 12,000. இவங்க வரி வரம்புக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாங்க. பென்ஷன்காரர்னு ஒரே சொல்லுக்குள்ள இத்தனை தூரம் இருக்கு. கணக்கை ஒழுங்கா காட்ட வேண்டியவங்க காட்டினால்தான், "இந்த ஆயிரம் ஏன் உயரலை?"ன்னு நாம அரசாங்கத்தை உரக்கக் கேட்க முடியும்.

அதனால இந்த ஜூலையில் சாரலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, வீட்டில் இருக்கிற பெரியவங்களோட பாஸ்புக்குகளை எடுத்து ஒரு மணி நேரம் அவங்களோட உட்காருங்க. பாஸ்வேர்டை மறக்காம எழுதி வையுங்க. உங்க வீட்டுப் பென்ஷன் கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.