கணினி வைரஸ், மின்னஞ்சல் பாதுகாப்பு (இலங்கை)

கணினி வைரஸ் என்பது பயனர் அறியாமல் தன்னைத்தானே பிரதியெடுத்துப் பரவும் நிரல். ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் தெற்காசியாவில்தான் பிறந்தது. லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் பாரூக் அல்வி சகோதரர்கள், தங்கள் மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்போரைக் கண்டறிய 1986இல் ‘பிரெய்ன்’ வைரசை எழுதினர். 360 கிலோபைட் பிளொப்பியின் தொடக்கப் பகுதியில் அது குடியேறி, அங்கிருந்த நிரலை வேறிடத்துக்கு நகர்த்தியது. எவரேனும் அப்பகுதியைச் சோதித்தால் பழைய நிரலையே காட்டி மறைந்துகொண்டது. கடை முகவரியும் தொலைபேசி எண்ணும்கூட அதற்குள் எழுதப்பட்டிருந்தன. கெடுக்கும் நோக்கம் அதற்கில்லை. ஒளிந்துகொள்ளும் உத்தியைப் பின்வந்தோர்க்குக் கற்றுக்கொடுத்த பொறுப்பு அதற்குண்டு.

இலங்கையில் மின்னஞ்சல் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ‘லேர்ன்’ சேவையாகத் தொடங்கியது. பேராதனையும் பின்னர் அவ்வலையமைப்பில் இணைந்தது. 1995இல் வணிக இணையச் சேவை வந்தது. 2000 மே 4 அன்று உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ என்ற நிரல், காதல் கடிதம்போல் இணைப்பாக வந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னை அனுப்பியது. தெரிந்தவர் பெயரில் வந்த அஞ்சல் என்பது அன்றிலிருந்தே பாதுகாப்புக்கு உத்தரவாதமல்ல.

அக்குறணைக்கு அப்பால் கண்டி–மாத்தளை வீதியிலுள்ள அலவத்துகொட போன்ற ஊர்களில், அச்செடுக்க வேண்டியவர்கள் பென் டிரைவுடன் கொமியூனிகேஷன் கடைக்குப் போவர். பலரது பென் டிரைவ்கள் செருகப்படும் அக்கணினியில் ஒன்றிலிருந்து வைரஸ் ஏறினால் அடுத்ததற்கும் இறங்கும். வீடு திரும்பியதும் முதலில் ஸ்கேன் செய்வதே முறை.

2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்த கொள்ளை, வேலை விண்ணப்பம்போல் வந்த மின்னஞ்சல்களில் தொடங்கியது. அதில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர், பெறுநர் பெயரிலிருந்த ஓர் எழுத்துப் பிழையால் தடுக்கப்பட்டது.

கணினிப் பாதுகாப்பு அவசரநிலைகளைக் கையாளும் இலங்கை சேர்ட் நிறுவனம் 2006இல் அமைந்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அடுத்து வந்தது. எனினும் 2023 ஓகஸ்ட் மாதம் அரச மின்னஞ்சல் சேவையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் அழிந்தன. பழைய மென்பொருளில் இயங்கிய அச்சேவைக்கு, தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. இது மன்னிக்கத்தக்க கவனக்குறைவன்று.

இன்று வின்டோசுடனேயே வைரஸ் தடுப்பு மென்பொருள் வருகிறது. ஆனால் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்தது.