கொடுவா மீனும் துய்மா தெருவும்

கொடுவான்னதும் குழம்பு செய்முறைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது அந்த மீனோட மரபணுத் தொகுதியைப் படிச்ச கதை.

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம். 1816-ல் பாண்டிச்சேரிக்கு வந்த லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையாளர், 1822 வரை இங்கிருந்து மீன்களைப் பதப்படுத்தி பாரிசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே குவியேவும் வலென்சியேனும் எழுதிய மீன் நூலின் இரண்டாம் தொகுதியில் (1828) கொடுவாவுக்கு 'லேட்டஸ் நோபிலிஸ்' என்று பெயர். ஆனால் ப்ளாக் என்ற ஜெர்மானியர் 1790-லேயே அதற்கு 'கால்காரிஃபர்' என்று பேர் வெச்சாச்சு. பிறகு இரண்டும் ஒரே மீன்தான் என்று முடிவாகி, பழைய பெயரே நிலைத்தது.

ஒன்றை இரண்டாகப் பார்த்த குழப்பம் அது. மரபணு படிப்பவர்களுக்குத் தலைவலி நேர் எதிர். இரண்டு ஒன்றாகிவிடும்.

டி.என்.ஏ.வை மொத்தமாகப் படிக்க முடியாது. துண்டு துண்டாகப் படித்து, ஒத்துப்போகும் ஓரங்களை வைத்துக் கணினி ஒட்டும். நம்ம ஒயிட் டவுனை எடுத்துக்குங்க. துய்மா தெரு, ரொமேன் ரோலன் தெரு எல்லாம் அளந்து போட்ட மாதிரி நேர்க்கோடு, அதே மஞ்சள் சுவர். புகைப்படங்களைக் கிழித்துப் போட்டு ஒட்டச் சொன்னால், சுவர் மட்டும் தெரியும் துண்டுகளை ஒரே தெருவில் ஒட்டிவிடுவோம். இன்னொரு தெரு காணாமலே போகும்! துண்டு நீளமாக இருந்து, ஓரத்தில் கப்ஸ் கோயில் தெரிந்தால் தப்பிக்கலாம்.

மீன்களில் இந்தத் தொல்லை அதிகம். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், எலும்புமீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை ஒன்றில் மரபணுத் தொகுதி முழுசும் இரட்டித்தது. பிரான்சின் ஜெனோஸ்கோப் குழு 2004-ல் ஒரு பேத்தை மீனைப் படித்து இதற்கு வலுவான சான்று தந்தது. ஆனா பழியெல்லாம் அதன்மேல் போடுவது எனக்கு நியாயமாப் படலை. அந்தப் பழைய ஜோடிகளில் பல அழிந்துவிட்டன, மிச்சம் நன்றாகவே வேறுபட்டுவிட்டன. கழுத்தறுப்பது சமீபத்தில் இரட்டித்த, அக்கம்பக்கத்திலேயே இருக்கும் நகல்களும், திரும்பத் திரும்ப வரும் வரிசைகளும்தான்.

ஒட்டியது ஒட்டியதுதானேன்னு விடவும் முடியாது. இரண்டு ஜீன்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் ஒரே ஜீனுக்குள் இருக்கும் வேறுபாடு மாதிரி தெரியும். சென்னையில் உள்ள சிபா நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. இனி நல்லா வளரும் தாய்மீனை ஜீன் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும் என்றால், இப்படிப்பட்ட பொய் அடையாளத்தை நம்பினால் பண்ணைக்காரர் பாடு திண்டாட்டம். குஞ்சு பெருசாகும் வரை தெரியவும் தெரியாது.

2016-ல் சிங்கப்பூரின் டெமாசெக் ஆய்வகம் முன்னின்று கொடுவாவைப் படித்து முடித்தது. ஏறக்குறைய 67 கோடி எழுத்துகள். நூறு, நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளை மட்டும் நம்பாமல் ஆயிரக்கணக்கில் நீளும் துண்டுகளைப் படித்தார்கள். அதோடு நிற்காமல் ஒளிவரைபடம், மரபு வரைபடம், உறவுமீன்களின் வரிசை என்று மூன்று பக்கமும் சரிபார்த்து, சுமார் 90 சதவீதத்தை 24 குரோமோசோம்களில் அடுக்கினார்கள். (பொறுமைன்னா இதுதான்!)

அதே ஆய்வில் பல நாடுகளின் 61 மீன்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று கிளைகள் தெரிந்தன. இந்தியப் பக்கத்துக் கொடுவா அதில் தனிக் கிளை. நாளைக்கு நம்ம மீன் தனி இனம்னு தீர்ப்பானால், 1828-ன் அந்த நோபிலிசைத் தூசி தட்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் :-)