பெட்ரோல் விலையும் பாறைக்குள் இருக்கும் எண்ணெயும்

வளைகுடாவில் பதற்றம் என்று செய்தி வந்தால் நம் புதுப்பட்டினம் போன்ற ஊர்களில் இரண்டு கவலைகள் ஒன்றாக எழும். ஒன்று, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியது. மற்றொன்று, பெட்ரோல் விலை. தினமும் செங்கல்பட்டுக்கு பைக்கில் போய் வருபவருக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கும், படகுக்கு டீசல் போடுபவருக்கும் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மாதக் கணக்கே மாறிவிடும். அப்போது பலரும் கேட்பது: "அரசாங்கம் பூமிக்கு அடியில் எண்ணெய் சேர்த்து வைத்திருக்கிறதாமே, அதைத் திறந்துவிட்டால் விலை குறையாதா?"

சேர்த்து வைத்திருப்பது உண்மைதான். அது எதற்காக, எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்தபோது எண்ணெய் விலை எகிறியது. இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்து, 1991இல் தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அனுபவத்துக்குப் பிறகு வலுப்பெற்ற யோசனைதான் அவசரகால இருப்பு. இதற்காக 2004இல் 'இந்தியன் ஸ்ட்ராட்டஜிக் பெட்ரோலியம் ரிசர்வ்ஸ் லிமிடெட்' என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று மூன்று இடங்களில் கிடங்குகள் உள்ளன. விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி அருகே பாதூரில் 25 லட்சம் டன். மொத்தம் 53.3 லட்சம் டன், அதாவது ஏறத்தாழ 3.9 கோடி பேரல்.

இவை இரும்புத் தொட்டிகள் அல்ல. கடினப் பாறையைக் குடைந்து செய்த மாபெரும் சுரங்க அறைகள். உள்ளே பூச்சு எதுவும் கிடையாது. பிறகு எண்ணெய் கசியாதா? பாறையின் விரிசல்களில் நிலத்தடி நீர் நிரம்பியிருக்கும். அதன் அழுத்தம் உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தைவிட அதிகமாக இருப்பதால், நீர்தான் சிறிது உள்ளே கசியுமே தவிர எண்ணெய் வெளியே போகாது. அந்த அழுத்தம் குறையாமல் இருக்க மேலே துளைகள் போட்டு நீர் செலுத்துகிறார்கள். உள்ளே வந்த நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கும். அதைப் பம்பு வைத்து இறைத்துவிடுவார்கள்.

ஆனால் அங்கே இருப்பது பெட்ரோல் அல்ல, கச்சா எண்ணெய். பெட்ரோல் நீண்ட நாள் வைத்தால் தரம் குறையும். கச்சா எண்ணெய் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பெட்ரோலாகவே சேமித்துப் பார்த்த நாடும் உண்டு. 2012இல் சாண்டி புயலால் பங்குகள் வறண்ட பிறகு, அமெரிக்கா தன் வடகிழக்கு மாநிலங்களுக்காக 2014இல் பத்து லட்சம் பேரல் பெட்ரோல் இருப்பை உருவாக்கியது. 2024இல் அதை விற்றுத் தீர்த்துவிட்டது.

மூன்று கிடங்குகளும் முழுமையாக நிரம்பியிருந்தால் நாட்டுக்குச் சுமார் ஒன்பதரை நாள் தாங்கும் என்பது அரசின் கணக்கு. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் கிடங்குகளிலும் குழாய்களிலும் வைத்திருப்பது அறுபத்து நான்கு நாட்களுக்குச் சற்று மேல். சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளிடம் கேட்பது தொண்ணூறு நாள் இறக்குமதிக்கு ஈடான இருப்பு. நாம் அங்கே முழு உறுப்பினர் அல்ல என்றாலும் அளவுகோலாக அதைப் பார்க்கலாம்.

இப்போது விலைக்கு வருவோம். 2021 நவம்பரில் அமெரிக்காவின் முயற்சியில் பல நாடுகள் சேர்ந்து இருப்பைத் திறந்தபோது, இந்தியா 50 லட்சம் பேரல் விடுவதாக அறிவித்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நம் நாடு ஒரே நாளில் செலவிடுவது கிட்டத்தட்ட அவ்வளவு! அந்த ஆண்டு பங்கில் விலையைக் குறைத்தது கிடங்கு அல்ல, வரிக் குறைப்பு. ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. நவம்பரில் மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. 2022 மே மாதம் மேலும் 8 ரூபாயும் 6 ரூபாயும் குறைந்தன.

இதன் மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலகமே முடங்கியிருந்தபோது, அரசு பேரல் சராசரி 19 டாலருக்கு வாங்கிக் கிடங்குகளை நிரப்பியது. சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்றார்கள். நல்ல வியாபாரம்தான். ஆனால் அதே மே மாதம் கலால் வரி பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்ந்தது. மலிவின் பலன் வண்டி ஓட்டுபவரின் கைக்கு வரவில்லை. விலை ஏறும்போது மக்களைக் காக்கும் கருவி வரிதான் என்றால், விலை இறங்கும்போதும் அதை அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளில் கொடுத்தார்கள். பஞ்சத்தில் மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே அந்தச் சேமிப்பின் நோக்கம். எண்ணெய் இருப்பும் முதலில் அப்படிப்பட்டதுதான். கப்பல் வராவிட்டால் ஆம்புலன்ஸும் லாரியும் நிற்கக் கூடாது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் இலங்கை காட்டியது. திருகோணமலையில் வெள்ளையர் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99 இருக்கின்றன. ஆனால் எண்ணெய் வாங்க டாலர் இல்லை. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பிறகு கியூஆர் கோடு மூலம் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்களில் நம் உறவுகளும் உண்டு.

2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வட மாநிலங்களிலும் ஹைதராபாத்திலும் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. அங்கே குறைந்தது எண்ணெய் அல்ல, அதைக் கொண்டுவரும் வண்டி. பதறிப்போய் டேங்கை நிரப்பியவர்கள்தான் வரிசையை நீளமாக்கினார்கள். இப்படிப்பட்ட தட்டுப்பாட்டுக்குப் பாறைக்குள் இருக்கும் கச்சா எண்ணெய் உதவாது.

ஒடிசாவின் சண்டிகோலில் 40 லட்சம் டன்னுக்கும் பாதூரில் மேலும் 25 லட்சம் டன்னுக்கும் 2021 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. அவை முடிந்தால் கொள்ளளவு இரண்டு மடங்குக்கும் மேலாகும். சமையல் எரிவாயு இந்தக் கணக்கில் வராது. நம் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. விசாகப்பட்டினத்தில் அதற்கென உள்ள சுரங்கக் கிடங்கில் 60,000 டன் மட்டுமே பிடிக்கும். அடுப்படியைப் பொறுத்தவரை, பெட்ரோலைவிட இதுவே பெரிய கேள்வி.