அந்தமானில் மின் வாகனம்: மின்னேற்றம் செய்வது எப்படி?

அந்தமான் நிகோபார் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்னர் போர்ட் பிளேர்) மின் வாகனம் வைத்திருப்போர், எரிசக்தி திறன் பணியகத்தின் 'ஈ.வி. யாத்ரா' செயலியில் பொது மின்னேற்ற நிலையங்களைத் தேடலாம். இச்செயலி 2022 டிசம்பர் 14-ம் தேதி தொடங்கப்பட்டது.

வீட்டில் மின்னேற்றம் செய்யத் தனி இணைப்பு கட்டாயமில்லை. ஏற்கெனவே உள்ள இணைப்பையே பயன்படுத்தலாம் என மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் கூறியது. எனினும், மின்பளுவும் எர்த் இணைப்பும் போதுமானவையா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலம் உறுதிசெய்வது அவசியம்.

தேசிய மின்தொகுப்புடன் இணையாத இத்தீவுகளில் பெரும்பகுதி மின்சாரம் டீசலிலிருந்தே கிடைக்கிறது. தெற்கு அந்தமானில் நெய்வேலி என்எல்சி நிறுவனம் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் உள்ளதால், பகலில் மின்னேற்றம் செய்வதே சிறந்தது. இரவில் செய்தால், வாகனத்தில் மிச்சமாகும் எரிபொருளுக்கு ஈடாக மின்நிலையத்தில் டீசல் எரியும்.