விவியனின் ரேங்க் கார்டு



பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் படிக்கும் பேத்தி, "தாத்தா, மக்காக இருப்பதும் பரம்பரையா?" என்று நேற்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கேரி பக் என்றொரு ஏழைப் பெண். தாய் எம்மாவை மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் அடைத்திருந்தார்கள். வேறொரு வீட்டில் வளர்ந்த கேரி, அந்த வீட்டு உறவினன் செய்த வன்கொடுமையால் 17 வயதில் தாயானாள். அவனை யாரும் கேட்கவில்லை. 'மந்தபுத்தி' என்று சொல்லி, 1924-ல் அவளைத்தான் அதே விடுதிக்கு அனுப்பினார்கள்.

அது 'யூஜெனிக்ஸ்' கொள்கை கொடிகட்டிப் பறந்த காலம். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதியை மனிதர்மேல் ஏற்றி, வறுமையும் மந்தபுத்தியும் ரத்தத்திலேயே வருபவை, அத்தகையோர் பிள்ளை பெறக் கூடாது என்றார்கள். வர்ஜீனியா கட்டாயக் கருத்தடைச் சட்டமே போட்டது. அது செல்லுமா என்று பார்க்கக் கேரியின் வழக்கை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று தலைமுறையும் மந்தம் என்று காட்ட வேண்டுமே! கேரியின் ஏழு மாதக் குழந்தை விவியனைப் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், 'ஏதோ சரியில்லை' என்று சாட்சி சொன்னார். கேரியின் வக்கீலோ தன் தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. 1927 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. அக்டோபரில் கேரிக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது.

விவியன் பள்ளிக்குப் போனாள். நன்றாகவே படித்தாள். 1931 ஏப்ரலில் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது! மறு ஆண்டு, எட்டு வயதில், நோய் கண்டு இறந்துபோனாள்.

அமெரிக்காவில் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000-க்கும் மேல். ஹிட்லர் ஆட்சியின் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அமெரிக்கச் சட்டங்களே முன்மாதிரி. 2002-ல் வர்ஜீனியா ஆளுநர் வருத்தம் தெரிவித்தார். கேரி 1983-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று எச்சிலைக் கொடுத்தாலே மரபணுவைப் படித்துச் சொல்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க அது உதவட்டும். பிள்ளையின் தலையெழுத்தை எழுத வேண்டாம்.

நானும் ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவனைப் பார்த்து, "அப்பனைப் போலத்தானே பிள்ளை இருக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். அவன் தலைகுனிந்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதைப் படித்தால், தம்பி, இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.