லிஸ்ப் லெக்சரில் சுருங்குறித்தொடர்

லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த நிரல்மொழிகளில் எழுதப்படும் லெக்சர்கள், தமக்குத் தரப்படும் எழுத்துச் சரத்தைப் பொருளுள்ள சிறு அலகுகளாகப் பிரிப்பதற்குச் சுருங்குறித்தொடர்களைப் பயன்படுத்தும் முறைகளும், அம்முறைகளின் வேகத்தையும் நினைவகச் செலவையும் தீர்மானிக்கும் காரணங்களும் இக்கட்டுரையின் பொருளாகும். தொகுப்பியாயினும் மொழிபெயர்ப்பியாயினும் தமிழ் உள்ளீட்டுச் செயலியாயினும் அதன் முதற்படியில் நிற்பது லெக்சர். அது பிரித்துத் தரும் அலகு டோக்கன் எனப்படும். ரெஜெக்ஸ் என நிரலாளர் வழங்கும் சுருங்குறித்தொடர், ஒரு டோக்கன் வகைக்குள் அடங்கும் எழுத்துச் சரங்கள் அனைத்தையும் ஒரே வாய்பாட்டில் அடக்கிச் சொல்வது. சான்றாக, [0-9]+ என்பது ஒன்றோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய இலக்கங்கள் தொடர்ந்து வருவதைக் குறிக்கும்.

தோற்றமும் வளர்ச்சியும்

சுருங்குறித்தொடரின் கணித அடிப்படையை அமெரிக்கத் தருக்கவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்தார். அவரது கட்டுரை 1956இல் அச்சேறியது. மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் 1959இல் வெளியிட்ட ஆய்வு, படிக்கும் எழுத்துக்கேற்ப ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு நகரும் நிலைப்பொறிகளுள், பல வழிகளை ஒருசேரத் தொடரும் எதனையும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே வழியில் செல்லும் நிலைப்பொறியாக மாற்றலாம் என்றும், அம்மாற்றத்தில் நிலைகளின் எண்ணிக்கை இரண்டின் அடுக்காகப் பெருகக்கூடும் என்றும் காட்டியது. கென் தாம்ப்சன் 1968இல், சுருங்குறித்தொடரை ஐபிஎம் 7094 கணினியின் பொறிமொழிக் கட்டளைகளாகவே மாற்றித் தேடும் முறையை விளக்கினார். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் 1975இல் உருவாக்கிய லெக்ஸ் என்னும் கருவி, டோக்கன் வகைகளின் பட்டியலைப் பெற்று, அதிலிருந்து லெக்சரைத் தானே ஆக்கித் தந்தது.

ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப், நிரலையும் தரவையும் ஒரே பட்டியல் வடிவில் எழுதும் இயல்புடையதாதலால், ஒரு வாய்பாட்டை நிரலாக மாற்றும் பணிக்கு இயல்பாகவே ஏற்றதாக அமைந்தது. எனினும் 1994இல் ஆன்சி தரமாக ஏற்கப்பட்ட காமன் லிஸ்ப்பில் சுருங்குறித்தொடர் இடம்பெறவில்லை. அக்குறையை எடி வைட்ஸ் எழுதிய சிஎல்-பிபிசிஆர்இ நூலகம் நிறைவு செய்தது. இன்று காமன் லிஸ்ப்பில் பெரிதும் பயன்படுவது அதுவே. எமாக்ஸ் உரைதிருத்தியின் மொழியாகிய எமாக்ஸ் லிஸ்ப்பிலோ சுருங்குறித்தொடர் மொழியோடு உடன்பிறந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் உள்ளீடு

கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கும் தமிழ்க் கணிமையின் தொடக்ககால மையங்களுள் அடங்குவன. முத்து நெடுமாறன் மலேசியாவில் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், ஆங்கில விசைப்பலகையில் ஒலிப்பு வழியாகத் தமிழை எழுதும் முறையைப் பரப்பியது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலும், 2013இல் அந்நகரின் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடைபெற்றது.

ஒலிப்புவழி உள்ளீடு அமைப்பால் ஒரு லெக்சரே. ஆங்கில ‘கே’ விசையை அழுத்தியதும் ‘க்’ தோன்றுகிறது. அடுத்து ‘ஏ’ விசையை அழுத்தினால் அது ‘க’ ஆகவும், மீண்டும் ஒருமுறை அழுத்தினால் ‘கா’ ஆகவும் மாறுகிறது. ‘டி’ விசை ‘ட்’ தரும். ஆயினும் ‘எச்’ விசை பின்தொடர்ந்தால் இரண்டும் சேர்ந்து ‘த்’ ஆகும். பொருந்தக்கூடியவற்றுள் மிக நீண்டதையே தெரிந்தெடுக்க வேண்டும் என்ற இவ்விதி, லெக்ஸ் கருவியின் முதன்மை விதியோடு ஒத்ததாகும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தொகுப்பிக்கு முழுக் கோப்பும் முன்னரே கிடைத்துவிடுகிறது, உள்ளீட்டுச் செயலிக்கோ எழுத்துகள் ஒவ்வொன்றாகவே வருகின்றன. ஆகவே உள்ளீட்டில் ஒவ்வொரு விசைக்கும் சுருங்குறித்தொடரை மீண்டும் முதலிலிருந்து பொருத்திப் பார்ப்பதைவிட, எட்டிய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் நிலைப்பொறியே சிக்கனமானது. எமாக்ஸ் லிஸ்ப்பில் எழுதப்பட்ட குவெயில் என்னும் உள்ளீட்டுத் தொகுதி இவ்வழியையே பின்பற்றுகிறது. அது விசைத்தொடர்களைக் கிளைவிடும் பட்டியலாகச் சேமித்து, ஒவ்வொரு விசைக்கும் ஒரு கிளை கீழே இறங்குகிறது.

செலவு மிகும் இடங்கள்

முழுக் கோப்பைப் படிக்கும் லெக்சருக்குச் சான்றாக, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு பூக்கடையின் விற்பனைப் பதிவில் ‘மல்லிகைச்சரம் 3 முழம் 7.50 வெள்ளி’ என்றொரு வரி இருப்பதாகக் கொள்ளலாம் (வெள்ளி என்பது மலேசிய நாணயம்). இவ்வகை வரிகள் நிறைந்த கோப்பைப் படிக்கும் லெக்சருக்குச் சொல், முழு எண், பதின்ம எண், இடைவெளி என்னும் நான்கு வகைகள் போதும். அதனைச் சிஎல்-பிபிசிஆர்இ கொண்டு எழுதும்போது வேகம் குறைவதற்கு நான்கு காரணங்கள் பெரும்பாலும் அமைகின்றன.

முதலாவது, சரத்தை நகலெடுத்தல். ஒரு டோக்கனைப் பிரித்தவுடன் எஞ்சிய பகுதியைச் ‘சப்செக்’ செயற்கூறால் வெட்டியெடுத்து அடுத்த சுற்றுக்குத் தருவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் 100,000 எழுத்துகள் கொண்ட கோப்பில் ஒரு டோக்கனுக்குச் சராசரியாக ஐந்து எழுத்துகள் எனக் கொண்டால், 20,000 முறை நகலெடுக்க நேரும். ஒவ்வொரு நகலும் சராசரியாக 50,000 எழுத்துகள் கொண்டதாதலால் மொத்தம் நூறு கோடி எழுத்துகள் இடம் மாறுகின்றன. சரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடல் தொடங்கும் இடத்தை ‘ஸ்டார்ட்’ என்னும் அளபுருவில் எண்ணாகத் தந்தால் இச்செலவு முழுவதும் நீங்கும். வேறொரு அணியின் நடுவிலிருந்து தொடங்குவதுபோல் காட்டும் இடம்பெயர் அணியைப் பயன்படுத்துவது மாற்றுவழியாகாது. இந்நூலகம் எளிய சரங்களையே ஏற்பதால், பிற வகைச் சரங்களை அது தானே நகலெடுத்து எளிய சரமாக்கிக்கொள்கிறது.

இரண்டாவது, நங்கூரமின்மை. ‘ஸ்கேன்’ செயற்கூறு, தொடங்கும் இடத்தில் பொருத்தம் இல்லையெனில் அங்கேயே நின்றுவிடாமல், சரத்தின் இறுதிவரை தேடிச் செல்லும். லெக்சர் ‘மல்லிகைச்சரம்’ என்னும் சொல்லின் முதலெழுத்தில் நிற்கையில் எண் வகையை முயன்றால், தேடல் முன்னேறி ‘3’ என்பதைக் கண்டு திரும்பும். அவ்விடை பயனற்றதாகையால் கைவிடப்படும். எண் எதுவுமே இல்லாத கோப்பாயின் ஒவ்வொரு முயற்சியும் கோப்பின் இறுதிவரை ஓடும். சுருங்குறித்தொடரின் முகப்பில் நங்கூரமாகிய ^ குறியை இட்டால், இந்நூலகத்தில் அக்குறி ‘ஸ்டார்ட்’ காட்டும் இடத்திலேயே பொருந்துமாதலால், முயற்சி அவ்விடத்திலேயே முடிந்துவிடும். எமாக்ஸ் லிஸ்ப்பில் இப்பணிக்கெனவே ‘லுக்கிங்-அட்’ என்னும் செயற்கூறு உள்ளது.

மூன்றாவது, மீண்டும் மீண்டும் தொகுத்தல். சிஎல்-பிபிசிஆர்இ ஒவ்வொரு சுருங்குறித்தொடரையும் ஒன்றையொன்று அழைக்கும் குளோசர்களின் சங்கிலியாக மாற்றுகிறது. குளோசர் என்பது தான் பிறந்த சூழலின் மதிப்புகளையும் உடன்கொண்டிருக்கும் செயற்கூறு. சுருங்குறித்தொடர் நிரலில் மாறிலியாக எழுதப்பட்டிருந்தால் இம்மாற்றம் நிரல் ஏற்றப்படும்போது ஒரே முறை நிகழும். ஓட்டத்தின்போது கட்டப்படும் சரமாக அது இருந்தால் ஒவ்வோர் அழைப்பிலும் நிகழும். அத்தகைய இடங்களில் ‘கிரியேட்-ஸ்கேனர்’ கொண்டு முன்னதாகவே ஆக்கி, ஒரு மாறியில் வைத்துக்கொள்வது முறை.

நான்காவது, பின்வாங்கித் தேடல். சிஎல்-பிபிசிஆர்இ போன்று பெர்ல் மொழியைப் பின்பற்றும் பொறிகள் ஒரு வழி தவறினால் பின்வாங்கி அடுத்த வழியை முயல்கின்றன. (?:[0-9]+)+ என்பதுபோல் திரும்பலுக்குள் திரும்பல் வைத்து, அதன்பின் ‘வெள்ளி’ வர வேண்டும் என்று எழுதினால், அச்சொல் இல்லாத இடத்தில் 20 இலக்கங்களைப் பகுக்கக்கூடிய 524,288 வகைகளையும் பொறி முயல நேரலாம். இலக்கம் ஒன்று கூடுந்தோறும் அவ்வெண்ணிக்கை இரட்டிக்கும். உள்ளே உள்ள திரும்பலை நீக்கி [0-9]+ என எழுதினால் பொருளும் மாறாது, இவ்வபாயமும் இராது.

வகைகளை இணைத்தல்

ஒவ்வொரு டோக்கனுக்கும் எல்லா வகைகளையும் வரிசையாக முயல்வதைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, முதல் எழுத்தைக் கொண்டு கிளை பிரித்தல். அவ்வெழுத்து இலக்கமாயின் எண் வகைகளை மட்டுமே முயன்றால் போதும். மற்றொன்று, வகைகளை | குறியால் இணைத்து ஒரே சுருங்குறித்தொடராக்குதல். பின்னைய வழியில் வரிசை முக்கியமானது. லெக்ஸ் கருவி மிக நீண்ட பொருத்தத்தைத் தேர்கிறது; பின்வாங்கித் தேடும் பொறிகளோ இடமிருந்து வலமாக முதலில் பொருந்துவதையே ஏற்கின்றன. [0-9]+ முன்னும் [0-9]+\.[0-9]+ பின்னுமாக எழுதப்பட்டால் ‘7.50’ ஒரே எண்ணாக வராமல் 7, புள்ளி, 50 என மூன்றாகச் சிதறும். எனவே நீண்ட வகை முன்னே நிற்க வேண்டும்.

இணைத்தபின் எந்த வகை பொருந்தியது என்பதை அறிய ஒவ்வொரு கிளையையும், பொருந்திய பகுதியைக் குறித்துவைக்கும் பதிவு அடைப்புக்குள் இடுவது வழக்கம். ஆனால் பதிவுகள் இருப்பின் அவற்றின் தொடக்க, முடிவு இடங்களைத் தாங்கும் அணிகள் விடையோடு சேர்த்துத் திருப்பித் தரப்படுகின்றன. வகைகள் பெருகப் பெருக அவ்வணிகளைத் துழாவும் வேலையும் பெருகும். இதற்கு லிஸ்ப்புக்கே உரிய தீர்வு ஒன்று உண்டு. சிஎல்-பிபிசிஆர்இ சுருங்குறித்தொடரைச் சரமாக மட்டுமன்றிப் பட்டியல் வடிவிலும் ஏற்கிறது. அப்பட்டியலுள் ‘ஃபில்டர்’ என்னும் உறுப்பின் வழியாக ஒரு லிஸ்ப் செயற்கூறை நடுவே வைக்கலாம். ஒவ்வொரு கிளையின் இறுதியிலும் வகைப் பெயரை மாறியில் குறித்துவிட்டு, பெற்ற இடத்தையே மாற்றமின்றித் திருப்பித் தரும் வடிகட்டியை வைத்தால் பதிவுகளே தேவைப்படா. பட்டியல் வடிவத்தை, நிரலை ஆக்கித்தரும் நிரல்களாகிய மேக்ரோக்களால் கட்டமைக்க முடிவதால், பல வகைகளுக்குப் பொதுவான கூறுகளைப் பெயரிட்டு ஒரே இடத்தில் வரையறுக்கவும் இயலும்.

உச்ச வேகம் வேண்டப்படும் இடங்களில், மேக்ரோ ஒன்று வகைப் பட்டியலைப் படித்து, நிலைப்பொறியை நேரடியாகத் தாவல் கட்டளைகளாக விரித்துவிட, எஸ்பிசிஎல் போன்ற தொகுப்பிகள் அதனைப் பொறிமொழியாக்குகின்றன. தாம்ப்சன் 1968இல் செய்ததற்கு இது நிகரானது. ஹென்றி பேக்கர் 1991இல் காமன் லிஸ்ப்பில், உள்ளீட்டின் அமைப்பைப் பிரித்தறியும் பகுப்பிகளை எழுதுவது பற்றி வெளியிட்ட கட்டுரையும், தனிக் கருவியின்றி மேக்ரோக்களாலேயே திறனுள்ள பகுப்பிகளை ஆக்கலாம் என்பதை நிறுவியது.

தமிழ் எழுத்தும் எழுத்து வகுப்பும்

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகர உயிர்மெய் தவிர்த்த பிற உயிர்மெய் எழுத்து அதில் தனி இடம் பெறுவதில்லை. மெய்க்குரிய அடிப்படைக் குறியோடு உயிர்க்குறி சேர்ந்தே அது உருவாகிறது. சொல்லெழுத்து எது என்பதைச் சிஎல்-பிபிசிஆர்இ, காமன் லிஸ்ப்பின் எழுத்தோ எண்ணோ எனச் சோதிக்கும் செயற்கூறைக் கொண்டு முடிவு செய்கிறது. எஸ்பிசிஎல்லில் உயிர்க்குறிகளும் புள்ளியும் அச்சோதனையில் தேறுவதில்லை. இதனால் ஆயத்தமாகக் கிடைக்கும் சொல்லெழுத்து வகுப்பை நம்பும் லெக்சர், ‘தமிழ்’ என்னும் சொல்லைத் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக உடைத்து, இடையிலும் இறுதியிலும் உள்ள குறிகளை அடையாளம் தெரியாதவையென ஒதுக்கிவிடும். ஆங்கிலக் கோப்புகளில் பழுதின்றி ஓடிய நிரல் தமிழ்க் கோப்பில் தவறுவதற்கு இதுவே பெருங்காரணம்.

இதற்குத் தீர்வு, வகுப்பை வெளிப்படையாக வரையறுத்தல் ஆகும். ஆய்தம் 2947, உயிர்கள் 2949 முதல் 2964 வரை, மெய்க்குரிய எழுத்துகள் 2965 முதல் 3001 வரை, உயிர்க்குறிகள் 3006 முதல் 3020 வரை, புள்ளி 3021 என்னும் வீச்சுகளைக் கொண்டு ஓர் எழுத்தின் அமைப்பைச் சொல்லிவிடலாம். எமாக்ஸ் இதனை நடைமுறையில் செய்து காட்டியுள்ளது: இந்திய மொழிகளுக்கான அதன் லிஸ்ப் கோப்பில் உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கு ஓரெழுத்துச் சுருக்கங்கள் தரப்பட்டு, அவற்றால் எழுதிய வாய்பாடு முழுச் சுருங்குறித்தொடராக ஒரே முறை விரிக்கப்படுகிறது, திரையில் எழுத்துகளைக் கோக்கும்போது எந்த மொழியின் சுருங்குறித்தொடரை முயல்வது என்பதை எழுத்துவாரியான அட்டவணை தீர்மானிக்கிறது. முன்தொகுத்தல், முதல் எழுத்தால் கிளை பிரித்தல், வெளிப்படையான வகுப்பு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

மேலும் ஒரு கவனம் தேவை. ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறி 3018 என்னும் ஒற்றைக் குறியாகவோ, 3014, 3006 ஆகிய இரண்டின் சேர்க்கையாகவோ சேமிக்கப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சுருங்குறித்தொடரில் இரு வடிவங்களுக்கும் இடம் கொடுப்பதைவிட, கோப்பைப் படித்தவுடன் ஒருமுறை ஒரே வடிவுக்கு இயல்பாக்கிவிட்டு லெக்சருக்குத் தருவதே செலவு குறைந்தது. எஸ்பிசிஎல்லில் அதற்குரிய செயற்கூறு உடனிணைந்தே வருகிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன் வழங்கிய திஸ்கி குறியேற்றத்தில் கொம்பு மெய்க்கு முன்னே சேமிக்கப்படுவதால், அக்காலக் கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றியே பிரிக்க வேண்டும்.

மதிப்பீடு

லெக்சர் மெதுவாக ஓடுவதைக் கண்டவுடன் சுருங்குறித்தொடரையே கைவிட்டு, எழுத்து எழுத்தாகப் படிக்கும் நிரலை எழுத முனைவது பொதுவான போக்கு. விசைக்கு விசை இயங்கும் உள்ளீட்டுச் செயலிகளுக்கு அது பொருந்தும். கோப்பு முழுமையாகக் கையிலிருக்கும் இடங்களில் காலம் பெரும்பாலும் பொருத்தும் பொறியில் அன்றி, நகலெடுத்தல், நங்கூரமின்மை, மறுதொகுத்தல், தேவையற்ற பதிவு ஆகியவற்றிலேயே செலவாகிறது. அவற்றைத் திருத்தியபின்னும் வேகம் போதாதெனில் மட்டுமே கையால் எழுதிய நிலைப்பொறியை நாடுவது தகும்.